தனியே போய் வா, கண்ணே!

ஜப்பானுக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் வசந்த காலத்தைத்தான் விசாரிக்கிறார்கள். கல்யாணத்துக்கு முகூர்த்த நாள் பார்ப்பது போல, செர்ரி மரம் பூக்கும் நாளைப் பார்த்து விமானச் சீட்டு வாங்குகிறார்கள். அந்தப் பூவின் அழகுக்கு நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால், குழந்தை குட்டிகளோடு போகிற குடும்பத்துக்கு என் யோசனை வேறு. இலையுதிர் காலத்தில் போங்கள். செப்டம்பர் முதல் நவம்பர் முடிய. நம் கணக்கில் ஆவணி பாதியிலிருந்து கார்த்திகை பாதி வரை. அந்த மூன்று மாதங்களில் டோக்கியோ நகரம் தன் குழந்தைகளை எப்படி வளர்க்கிறது என்பதைத் தெருவில் நின்றே பார்த்துவிடலாம்.

நாங்கள் குடியிருப்பது நகரின் கிழக்கே உள்ள எடோகாவா வட்டாரத்தில். 2000-ஆம் ஆண்டையொட்டிக் கம்ப்யூட்டர் வேலைக்காக வந்த இந்தியக் குடும்பங்கள் பல இங்கேதான் குடியேறின. துவரம் பருப்புக்கும் கறிவேப்பிலைக்கும் பஞ்சமில்லை. எங்களுக்கு ஏழு வயதில் ஒரு பெண், ஐந்து வயதில் ஒரு பையன். பெண் வட்டாரத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. பையனுக்குச் சிறுவர் பள்ளியில் இது கடைசி வருஷம்.

இலையுதிர் காலம் என்றதும் சிவந்த இலைகள்தான் ஞாபகம் வரும். ஆனால் இங்கே அந்தப் பருவத்தின் முதல் நாள் பயத்தோடு ஆரம்பமாகிறது. 1923-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி, நடுப்பகல் 12 மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது பெரும் பூகம்பம் வந்தது. வீடுகளில் அடுப்பு எரிந்துகொண்டிருந்த வேளை. இடிபாடுகளில் சிக்கியும் தீயில் எரிந்தும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்தத் தினத்தையொட்டி இப்போதும் பள்ளிகளில் ஒத்திகை நடக்கிறது. என் பெண்ணின் நாற்காலியில் ஒரு பஞ்சுத் திண்டு உண்டு. மணி அடித்ததும் அதை எடுத்துப் பிரித்தால் தலைக்குக் குல்லாயாகிவிடும்! அதை மாட்டிக்கொண்டு மேஜைக்கு அடியில் புகுந்து, மேஜைக் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு தாய்மார்கள் வரிசையில் நிற்க, ஆசிரியை பெயரைச் சரிபார்த்து ஒவ்வொரு பிள்ளையாக ஒப்படைக்கிறார். அழுகை கிடையாது, கூச்சல் கிடையாது. எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் வயிற்றைக் கலக்கும்.

புயல் மழை இரண்டொன்று வந்து போனதும் வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்துவிடும். அப்போது வருகிறது நிலாப் பார்க்கும் விழா. ஜன்னலோரம் நாணல் போன்ற புல்லைச் செருகி, அரிசி மாவு உருண்டைகளைக் கோபுரமாக அடுக்கி, பௌர்ணமி நிலவுக்குப் படைக்கிறார்கள். பார்த்தவுடன் நம் கொழுக்கட்டை ஞாபகம் வந்துவிடும். உள்ளே பூரணம் மட்டும் இல்லை. ஜப்பானியக் குழந்தைகளுக்கு நிலாவில் ஒரு முயல் தெரிகிறது. அது உரலில் அரிசி மாவு இடித்துக்கொண்டிருக்கிறதாம். என் பையன் பள்ளியிலிருந்து வந்து, "அம்மா, நீ பாட்டி வடை சுடுகிறாள் என்றாயே, அங்கே முயல்தான் இருக்கிறதாமே?" என்று கேட்டான். "முயல் மாவு இடித்துக் கொடுக்கிறது, பாட்டி வடை சுடுகிறாள்" என்று அக்காக்காரி சமாதானம் செய்து வைத்தாள்.

அக்டோபரில் விளையாட்டு விழா. அண்மைக் காலத்தில் வெயில் கடுமையாகிவிட்டதால் பல பள்ளிகள் இதை மே மாதத்துக்கு மாற்றிவிட்டன. அரை நாளில் முடிப்பவையும் உண்டு. எங்கள் சிறுவர் பள்ளியில் இன்னமும் அக்டோபரில்தான். பிள்ளைகள் சிவப்புக் கட்சி, வெள்ளைக் கட்சி என்று பிரிந்து, உயரக் கம்பத்தில் கட்டிய கூடையில் பந்துகளை வீசுகிறார்கள். ஒருவன் விழுந்தால் ஓடிவந்து தூக்குவதில்லை. அவனே எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு ஓடும் வரையில் கூட்டம் முழுவதும் கை தட்டுகிறது. கடைசியில் வருகிறவனுக்குத்தான் கை தட்டல் அதிகம். மத்தியானம் எல்லோரும் தரையில் விரிப்புப் போட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிறார்கள். பக்கத்துக் குடும்பத்தின் முட்டைச் சுருளுக்கு எங்கள் எலுமிச்சம்பழச் சாதம் பண்டமாற்று ஆயிற்று.

பிறகு கிழங்கு தோண்டும் நாள். ஆசிரியைகள் பிள்ளைகளை நகரத்து ஓரத்திலுள்ள தோட்டத்துக்கு அழைத்துப் போகிறார்கள். சர்க்கரைவள்ளிக் கொடியை இழுத்து, கையாலேயே மண்ணைப் பறித்து, தோண்டிய கிழங்கை அவரவர் வீட்டுக்குச் சுமந்து வர வேண்டும். தன் முழங்கை நீளத்துக்கு ஒரு கிழங்கைக் கொண்டுவந்து சமையலறையில் வைத்துவிட்டு என் பிள்ளை நின்ற நிலை, வேட்டையாடித் திரும்பிய ராஜா தோற்றுப் போக வேண்டும்! அன்றைய சமையலை வாசகிகளுக்குச் சொல்லிவிடுகிறேன். கிழங்கைத் தோலோடு சிறு துண்டுகளாக நறுக்கித் தண்ணீரில் சிறிது நேரம் போட்டு எடுங்கள். ஊற வைத்த அரிசியோடு உப்புச் சேர்த்து அப்படியே வேக விடுங்கள். வெந்ததும் வறுத்த கறுப்பு எள்ளைத் தூவுங்கள். அவ்வளவுதான், ஜப்பானியத் தாய்மாரின் இலையுதிர் காலச் சாதம் தயார்.

இந்தப் பருவத்தில் பிள்ளைகளின் சட்டைப் பையைத் துவைக்குமுன் கவிழ்த்துப் பார்ப்பது உத்தமம். 'டொங்குரி' என்கிற ஓக் மரக் கொட்டைகள் பூங்காவெங்கும் உதிர்ந்து கிடக்கின்றன. குல்லாய் போட்ட குட்டி மனிதர்கள் மாதிரி இருக்கும். அவற்றைப் பொறுக்காத குழந்தை ஜப்பானில் இல்லை. ஆனால் நாலு நாள் போனால் கொட்டையைத் துளைத்துக்கொண்டு வெள்ளைப் புழு ஒன்று வெளியே வரும். அதனால் இங்குள்ள தாய்மார்கள் கொட்டைகளைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்துக் காய வைத்த பிறகே விளையாடக் கொடுக்கிறார்கள்.

நவம்பரில்தான் பெரிய விசேஷம். அதன் பெயர் 'ஷிச்சி-கோ-சான்'. ஏழு, ஐந்து, மூன்று என்று அர்த்தம். மூன்று வயதும் ஏழு வயதும் ஆன பெண் குழந்தைகள், ஐந்து வயதான ஆண் பிள்ளைகள் ஆகியோரை அலங்கரித்து, நவம்பர் 15-ஆம் தேதியையொட்டிக் கோயிலுக்கு அழைத்துப் போகிறார்கள். சில இடங்களில் மூன்று வயதுப் பையன்களும் உண்டு. எங்கள் வீட்டில் ஒரே வருஷத்தில் ஏழும் ஐந்தும் வாய்த்துவிட்டதால், கீழ் வீட்டு அம்மாள் விடவில்லை. வாடகைக் கடையிலிருந்து கிமோனோ வரவழைத்துப் பெண்ணுக்குத் தன் கையாலேயே கட்டிவிட்டார். கோயிலில் பூசாரி ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் சொல்லிப் பிரார்த்தித்தார். முடிவில் ஆளுக்கு ஒரு நீளப் பை. கொக்கும் ஆமையும் வரைந்திருக்கும். உள்ளே கம்பு போன்ற சிவப்பு, வெள்ளை மிட்டாய்கள். 'ஆயிரம் ஆண்டு மிட்டாய்' என்று பெயர். கொக்கைப் போல, ஆமையைப் போல நெடுங்காலம் வாழ வேண்டும் என்று ஆசீர்வாதம்.

பட்டும் மிட்டாயும் கண்ணைக் கவர்ந்தாலும், இந்த விழாவின் அடியில் ஒரு துக்கம் இருக்கிறது. பழைய காலத்தில் பிறந்த குழந்தை பிழைப்பது நிச்சயமில்லை. ஏழு வயது வரை குழந்தை தேவர்களைச் சேர்ந்தது என்று ஒரு வழக்கு இங்கே உண்டு. எந்த நிமிஷமும் அவர்கள் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று அதற்குப் பொருள். சிசுவின் தலையை மழித்து வைத்திருந்து, மூன்று வயதில் முடி வளர்க்க ஆரம்பிப்பார்கள். ஐந்தில் பையனுக்கு முதல் முதலாக ஹக்காமா என்ற பெரியவர்களின் உடை. ஏழில் பெண்ணின் கயிற்றை அவிழ்த்து விட்டுப் பெரியவர்களைப் போல இடைப்பட்டை கட்டுவார்கள். தேறிவிட்டது, இனி இது நம் குழந்தை என்று ஊராரோடு சேர்ந்து மூச்சு விடுகிற நாள். மொட்டை போட்டுக் காது குத்தி மடியில் உட்கார்த்தி வைத்த நம் பாட்டிமார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு அருமையாக வளர்த்த பிள்ளையை இவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஆறு வயதில் தனியே பள்ளிக்கு அனுப்புகிறார்கள்! முதல் வகுப்பில் சேருவது ஏப்ரலில். ஆனால் ஏற்பாடுகள் இலையுதிர் காலத்திலேயே ஆரம்பம். அடுத்த ஆண்டு சேரப் போகிற பிள்ளைகளுக்குக் கண், காது, பல் பரிசோதனைக்கு வரச் சொல்லி வட்டார அலுவலகத்திலிருந்து கடிதம் வருகிறது. அதற்குப் பிறகு மாலை வேளைகளில் தாய்மார்கள் பிள்ளையின் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடப் பாதையில் ஒத்திகை பார்க்கிறார்கள்.

என் பெண் சேர்ந்த வருஷம், முதல் வாரம் முழுவதும் விளக்குக் கம்பங்களின் பின்னால் ஒளிந்து ஒளிந்து அவள் பின்னாலேயே போனேன். திரும்பிப் பார்த்தால், அடுத்த கம்பத்தின் பின்னால் இன்னொரு தாயார்! ஒருவருக்கொருவர் தலை குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டோம். அந்த நடையில்தான் எனக்குச் சில விஷயங்கள் புலப்பட்டன. முதல் வகுப்புப் பிள்ளைகளின் தோல் பைக்கு மஞ்சள் உறை. வண்டி ஓட்டுகிறவர் தூரத்திலேயே கண்டுகொள்வார். பையில் ஓர் அபாய மணி. இழுத்தால் தெரு முழுக்க அலறும். சில வீடுகளிலும் கடைகளிலும் '110' என்று எழுதிய அட்டை ஒட்டியிருக்கிறது. அது போலீஸ் தொலைபேசி எண். பயந்த குழந்தை எந்த நேரமும் அந்த வாசலில் நுழைந்துவிடலாம். நாற்சந்தியில் மஞ்சள் கொடியோடு ஒரு முதியவர். மழையானாலும் அவர் தவறுவதில்லை. மாலையில் ஒலிபெருக்கியில் ஒரு குழந்தைப் பாட்டின் மெட்டு ஒலிக்கும். விளையாட்டை முடித்து வீட்டுக்குப் போ என்று அர்த்தம். கோடையில் 5 மணிக்கோ அதற்குப் பிறகோ ஒலிக்கும் மெட்டு, நாள் குறுகக் குறுகப் பல வட்டாரங்களில் 4½ மணிக்கே ஒலிக்கிறது. நவம்பர் கடைசியில் அதற்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், பூகம்பத்தின்போது எச்சரிக்கை சொல்ல வைத்த அதே ஒலிபெருக்கி அது. பழுதில்லாமல் இருக்கிறதா என்று தினமும் இந்தப் பாட்டால்தான் சோதிக்கிறார்கள்.

ஆக, அந்தக் குழந்தை தனியே போகவில்லை. தெருவே அதன் விரலைப் பிடித்துக்கொண்டு போகிறது.

ஆனால் பிடிப்பதற்கு விரல்கள் குறைந்து வருகின்றன. 2016-ஆம் ஆண்டில் முதன்முறையாக ஜப்பானில் பிறந்த குழந்தைகள் பத்து லட்சத்துக்குக் குறைந்தார்கள். 2024-ல் ஏழு லட்சம்கூட இல்லை. கிராமப்புறங்களில் எத்தனையோ பள்ளிகள் மூடப்பட்டுவிட்டன. கொடி பிடிக்கும் முதியவருக்கு என் அரைகுறை ஜப்பானிய மொழியில் ஒருநாள் நன்றி சொன்னேன். "பிள்ளைகளின் காலைச் சத்தம் கேட்காவிட்டால் எனக்குப் பொழுது விடியாது, அம்மா" என்றார். தேவர்கள் கூப்பிட்டுக்கொண்டதால் குழந்தைகள் குறைந்த காலம் போய், பிறக்காததனாலேயே குறைகிற காலத்தில் அவர் நிற்கிறார். ஊர் பிள்ளை, நாடு பிள்ளை என்று அவர் பார்ப்பதில்லை. மஞ்சள் உறை போட்ட பை எதுவானாலும் கொடி தாழ்கிறது.

இந்த நவம்பரில் பையனுக்கு ஒத்திகை. அக்காதான் ஆசிரியை. "தெருவைத் தாண்டும்போது கையை உயரத் தூக்கு. இன்னும் உயர!" என்று அதட்டினாள். நான் கூடவே நடந்தேன். இரண்டாவது திருப்பத்தில் அவன் நின்று, "அம்மா, நீ கொஞ்சம் தள்ளியே வா" என்றான். தள்ளியே போனேன். கடைசித் திருப்பத்தில், "இன்னும் தள்ளி" என்றான்.

நவம்பர் கடைசி வாரத்தில் டோக்கியோவுக்கு வருகிறவர்கள் மீஜி கோயிலின் வெளித் தோட்டத்து கிங்கோ மரச் சாலையைத் தவற விட வேண்டாம். 146 மரங்கள், விசிறி போன்ற இலைகள், எல்லாம் தங்க மஞ்சள். பெண் கிங்கோ மரங்களின் பழங்கள் உதிர்ந்து கிடந்தால் மிதிக்காதீர்கள். நாற்றம் செருப்பை விட்டுப் போகாது. அதைப் பார்த்த மறுநாள் காலை எட்டு மணிக்கு, ஏதேனும் ஒரு பள்ளிக்கூடத்தின் அருகேயுள்ள நாற்சந்தியில் பத்து நிமிஷம் நில்லுங்கள். உதிர்ந்த மஞ்சள் இலைகளின் மேல் மஞ்சள் பைகள் வரிசையாகப் போகும். கொடி பிடித்த பெரியவரைக் கண்டால், எங்களுக்காக ஒரு வணக்கம் சொல்லுங்கள்.