டிரைவில் இருக்கிறது என்பது போதாது

"எல்லாம் டிரைவில் இருக்கு தோழர்." வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்ட குடும்பங்களோடு நிற்கும் எங்களைப் போன்ற சிறு குழுக்களில் அடிக்கடி கேட்கும் பதில் இது. முதல் தகவல் அறிக்கையின் நகல், காயச் சான்றிதழ், எரிந்த குடிசையின் வீடியோ, பேசப் பயந்த பெண் கடைசியில் பேசிய ஒலிப்பதிவு என எல்லாமே ஒரே ஃபோல்டரில் கிடக்கும். அந்த ஃபோல்டர் யாருடைய கணக்கில் இருக்கிறது என்று கேட்டால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

பக்கத்து மாவட்டத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குழு. ஆறு வருடக் கோப்புகள் ஒரு தன்னார்வலரின் சொந்த ஜிமெயிலில் இருந்தன. அவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனார். பழைய சிம் காலாவதியானது. புது போனில் நுழைய முயன்றபோது சரிபார்ப்பு எண் அந்தப் பழைய சிம்முக்கே போனது. கணக்கு திறக்கவே இல்லை. வழக்கு விசாரணைக்கு வந்தபோது வழக்கறிஞர் மூல வீடியோவைக் கேட்டார். பலர் கை மாறி வந்த மங்கலான வாட்ஸ்அப் பிரதி மட்டுமே மிஞ்சியிருந்தது. யாரும் துரோகம் செய்யவில்லை. ஒரு சிம் கார்டு போனது, அவ்வளவுதான்.

குற்றப்பத்திரிகை தாக்கலான இரண்டு மாதத்துக்குள் இயன்றவரை விசாரணையை முடிக்க வேண்டும் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் சொல்கிறது. நீதிமன்ற வாசலில் நிற்பவர்களுக்குத் தெரியும், நடப்பது வேறு. வழக்கு நம் போனைவிட, லேப்டாப்பைவிட, சில சமயம் குழுவைவிடவும் நீண்ட காலம் நடக்கிறது. கோப்புகளும் அதுவரை உயிரோடு இருக்க வேண்டும்.

ஆவணம் இல்லாததால் நாம் இழந்தது கொஞ்சமல்ல. 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தை மீட்கப் போகும்போதெல்லாம் முதலில் வரும் கேள்வி, "பேப்பர் எங்கே?" அம்பேத்கரின் எழுத்துகளை மகாராஷ்டிர அரசு 1979 முதல் தொகுதிகளாக வெளியிட்டபோது, சில கையெழுத்துப் படிகளில் பக்கங்களும் அத்தியாயங்களும் கிடைக்கவில்லை என்று பதிப்பாசிரியர்களே குறித்திருக்கிறார்கள். அவர் எழுத்துக்கே அந்தக் கதி என்றால், ஒரு சேரியில் நாம் எடுத்த வாக்குமூலத்தை யார் காப்பாற்றுவார்கள்?

க்ளவுட் என்பது வானத்தில் இல்லை. ஏதோ ஊரில் ஒரு கட்டடத்தில் இருக்கும் கணினிதான் அது. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் பயன்படுத்திய ஜி-டிரைவ் சேமிப்பில் 858 டெராபைட் அழிந்தது. வெளியே மாற்றுப் பிரதி இல்லை. ஓர் அரசாங்கத்துக்கே இதுதான் நிலை.

கூகுள் டிரைவ் போன்றவற்றில் தீயைவிட அன்றாட ஆபத்துகள்தான் அதிகம். ஒரு லேப்டாப்பில் சிங்க் ஃபோல்டரில் இருந்து அழித்தால் டிரைவிலும் அழியும், மற்ற லேப்டாப்புகளிலும் அழியும். சிங்க் என்பது பேக்கப் ஆகாது. குப்பைத் தொட்டிக்குப் போன கோப்பு 30 நாளில் நிரந்தரமாகப் போய்விடும். இரண்டு ஆண்டு தொடாத தனிநபர் கணக்கை கூகுள் நீக்கலாம். இன்னொன்று பலருக்குத் தெரியாது: கூகுள் டாக்ஸில் எழுதிய அறிக்கையின் ஐகானை சிங்க் ஃபோல்டரில் இருந்து ஹார்ட் டிஸ்குக்கு இழுத்துப் போட்டால் அங்கே வருவது வெறும் இணைப்புதான். அறிக்கை வராது. வேர்ட் ஆகவோ பிடிஎஃப் ஆகவோ பதிவிறக்க வேண்டும், அல்லது கூகுள் டேக்அவுட் மூலம் எடுக்க வேண்டும்.

எங்கள் குழுவில் 3-2-1 என்ற எளிய விதியை வைத்திருக்கிறோம். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு ஊரில். டிரைவில் ஒன்று, அலுவலக ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறு நகரத்தில் வழக்கறிஞர் தோழரின் பீரோவில் இன்னொரு டிஸ்க். செலவு சில ஆயிரம் ரூபாய். டிரைவ் கணக்கு குழுவின் பெயரில் இருக்கிறது. மீட்பு எண்ணும் மின்னஞ்சலும் இருவருடையவை. இரட்டைச் சரிபார்ப்புக்கு கூகுள் தரும் பத்து பேக்கப் எண்களை அச்சிட்டு, உறையிலிட்டு ஒட்டி, இரண்டு பேரிடம் கொடுத்திருக்கிறோம்.

மூலக் கோப்பைத் தொடுவதில்லை. வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது எல்லாம் நகலில்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்தோடு தரும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. படத்தை லேசாக வெட்டினாலும், வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினாலும் அது மாறிவிடும். அதனால் போனிலிருந்து கேபிள் வழியாக எடுத்து, அன்றே ஹாஷ் மதிப்பை நோட்டில் தேதியோடு எழுதுகிறோம். போனையும் பத்திரப்படுத்துகிறோம்.

பிரதிகள் கூடக் கூட, அவை தவறான கையில் சிக்கும் வாய்ப்பும் கூடுகிறது. சாட்சியின் பெயரும் வீட்டு முகவரியும் எதிர்த்தரப்புக்குக் கிடைத்தால் நாம் சேமித்தது ஆவணமாக இருக்காது, ஆபத்தாகிவிடும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படியே குற்றம். அதனால் இரண்டு டிஸ்குகளையும் வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளால் பூட்டியிருக்கிறோம். அந்தப் பாஸ்வேர்டு தொலைந்தால் யாராலும் திறக்க முடியாது. ஆகவே அதுவும் உறைக்குள் இருக்கிறது. "இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்" என்ற பகிர்வு எங்களிடம் கிடையாது. ஒரு குடும்பம் தன் பதிவை நீக்கச் சொன்னால் மூன்று இடத்திலும் நீக்குகிறோம்.

எல்லாம் செய்தாலும், திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது. மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒரு குடும்பத்தின் பெயரைச் சீட்டுக் குலுக்கி எடுக்கிறோம். டிரைவைத் தொடாமல், டிஸ்கிலிருந்து மட்டும் அந்தக் குடும்பத்தின் முழுக் கோப்பையும் வேறொரு லேப்டாப்பில் மீட்க வேண்டும். வீடியோ ஓடுகிறதா, ஹாஷ் நோட்டோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறோம். முதல் முறை ஒரு மதியம் முழுக்க ஆனது. இப்போது அரை மணி நேரம். வேலையைச் செய்பவர் மாதாமாதம் மாறுவார். ஒருவருக்கு மட்டும் தெரிந்த வழி, ஒருவர் கணக்கில் இருக்கும் ஃபோல்டர் போலத்தான்.

மகனைப் பறிகொடுத்த ஒரு பாட்டி எங்களைப் பார்க்கும்போதெல்லாம் வழக்கைப் பற்றிக் கேட்பதற்கு முன் கேட்பது, "அந்தப் பேப்பரு, அவன் போட்டோ எல்லாம் பத்திரமா இருக்கா கண்ணு?" அவரிடம் டிரைவ் பற்றிச் சொல்ல முடியாது. "இருக்கு பாட்டி, போன சனிக்கிழமை எடுத்துப் பார்த்தோம்" என்று சொல்ல முடிகிறது.

மாணவத் தோழர்களே, உங்கள் அமைப்பின் ஃபோல்டர் யார் கணக்கில் இருக்கிறது என்று இன்று இரவே கேளுங்கள். அந்த ஒருவர் நாளை காலை இல்லை என்றால் எத்தனை குடும்பங்களின் சாட்சியம் போகும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். வாங்கிய வாரமே அதிலிருந்து ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துப் பாருங்கள்.