முகவரி இல்லாத பக்கங்கள்

பத்திரிகையின் பெயர், திகதி, பக்கம், பத்தி. இந்த நான்கையும் சொல்லிவிட்டால் பாலமுனையில் இருப்பவரும் பாரிசில் இருப்பவரும் ஒரே செய்தியில் விரல் வைத்துவிடலாம். (பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும் என்று பழைய ஆசிரியபீட நண்பர்கள் முணுமுணுப்பது கேட்கிறது.) இணையத்தில் இவ்வேலையைச் செய்ய வேண்டியது உலாவியின் மேற்பட்டையில் தெரியும் முகவரி.

அண்மையில் ஓர் இணையத்தளத்தில், பெயர் வேண்டாம், எங்கள் கரையோரத்துக் காணி அறிவித்தல் ஒன்றைத் தேடினேன். மாவட்டம், ஆண்டு, மொழி என ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்து, ஏழாம் பக்கத்தில் அதனைக் கண்டுபிடித்து, முகவரியைக் கட்டாரிலுள்ள மருமகனுக்கு அனுப்பினேன். ஆட்சேபனை தெரிவிக்க அவருக்கு எஞ்சியிருந்தது இரண்டே நாட்கள். "மாமா, முன்பக்கம்தான் வருது" என்றார். பிறகு தொலைபேசியில், இதை அழுத்துங்கள், அதை அழுத்துங்கள் என்று குருடனுக்கு வழிகாட்டுவதுபோல் அரைமணி நேரம்.

என் தெரிவுகள் எவையும் முகவரியில் எழுதப்படவில்லை என்பதே காரணம். அவை என் உலாவியின் நினைவிலோ, வழங்கி எனக்கென வைத்திருந்த தற்காலிகக் குறிப்பிலோதான் இருந்தன. 2005இல் கூகுள் வரைபடம் வந்ததோடு, பக்கத்தை முழுதாக மீள அழைக்காமல் வேண்டிய துண்டை மட்டும் மாற்றும் முறை புகழடைந்தது. அவ்வாண்டே ஜெசி ஜேம்ஸ் கரெட் அதற்கு 'அஜாக்ஸ்' என்று பெயரிட்டார். வேகம் கிடைத்தது, முகவரியோ அசையாமல் நின்றது. 'பின்செல்' பொத்தானை அழுத்தினால் தளத்தை விட்டே வெளியேறிவிடுவோம். ஹேஷ் குறிக்குப் பின்னால் நிலையை எழுதிச் சமாளித்தார்கள். ஆனால் அக்குறிக்குப் பிந்திய பகுதியை உலாவி வழங்கிக்கு அனுப்புவதே இல்லை. ருவிட்டர் 2010இல் அவ்வழி சென்று 2012இல் திரும்பிவிட்டது. பக்கத்தை மீள ஏற்றாமலே முகவரியை மாற்றும் வசதி எச்டிஎம்எல் 5உடன் வந்து நெடுங்காலமாகிறது. இன்னும் சாக்குச் சொல்வது வெறும் சோம்பல் என்றே கருதுகிறேன்.

2005 முதல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்திவரும் 'நூலகம்' தளத்தில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் தனி எண்ணும் தனிப்பக்கமும் உண்டு. 2004 ஆழிப்பேரலை எங்கள் கரையோர வீடுகளின் அலுமாரிகளைக் கடதாசிகளோடு வாரிச்சென்றது. அப்படிப்பட்ட ஊர்க்காரனுக்கு, ஒருமுறை குறித்துவைத்த இடத்திலேயே ஒரு நூல் மறுபடியும் கிடைப்பது சிறிய விடயமன்று.

தமிழுக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. 'பாலமுனை' நான்கெழுத்துத்தான். யுனிகோட்டில் அது ஏழு குறிகள். முகவரியாகப் பிரதிசெய்தால் சதவீதக்குறிகளும் எண்களுமாக 63 எழுத்துருக்கள் நீளும். தலைப்பைத் தமிழில் வைத்து, முகவரியில் ஓர் எண்ணை மட்டும் கொடுப்பது அனுப்புவோருக்கு உதவி.

தளம் அமைக்கும் தம்பிமார் மாவட்டம், ஆண்டு, பக்கம் ஆகியவற்றைக் கேள்விக்குறிக்குப் பின்னால் எழுதிவிட்டாற் போதும். அடையாள அட்டை இலக்கத்தையும் கடவுச்சொல்லையும் மட்டும் அங்கே எழுதிவிடாதீர்கள். முகவரி கைக்குக் கை மாறும்.