டாஷ்போட்டில் ஒரு மஞ்சள் லைட்

கல்லடி,
மட்டக்களப்பு.

அடி புள்ள,

நீ அனுப்பின குரல் மெசேஜ் எல்லாம் கேட்டேன். போனில் கதைச்சால் பாதியில் "ஆரோ வந்திட்டாங்க கா" என்று வைச்சுப்போடுறேனாம், அதனால் கடிதம்தான் வேணுமாம். சரி, இந்தா. ஊர்ப் புதினம் எல்லாம் வரும். ஆனால் முதலில் காரின் கதை. மாரி முடிஞ்ச நாளிலிருந்து எங்கட வீட்டில் சோறு தின்னும்போதும் அதே கதைதான்.

அந்த வெள்ளை விட்ஸ் நினைவிருக்குத்தானே, போன முறை நீ மாமாங்கத்துக்கு ஏறிப்போனது? அதேதான் இன்னும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினவங்கள், 2025 பெப்ரவரியில்தான் கதவைத் திறந்தாங்கள். அந்தக் காலம் முழுக்கப் பழைய கார் வைச்சிருந்தவன் பெருமையாகத் திரிந்தான். திறந்த பிறகாவது விலை இறங்கும் என்று பார்த்தால், புதுசின் விலையைக் கேட்டு எங்கட மனுசன் ஒரு கிளாஸ் தண்ணி வாங்கிக் குடிச்சார். ஆகவே பழசைத்தான் ஓட்டுகிறோம். எங்கட தெருவில் எல்லாரும் அப்படித்தான்.

அந்தக் கார் டாஷ்போட்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் லைட் ஒன்று பத்தினது. பத்தினது பத்தினதுதான், அணையவில்லை. கார் ஓடுது, ஏசி வேலை செய்யுது, ஆனால் பெற்றோல் மட்டும் குடிக்குது. ஐடிலில் நிற்கும்போது பின்னால் போய் நின்றால் கண் எரியும். பக்கத்து வீட்டுக்காரர், தெரியும்தானே, எல்லாத்துக்கும் ஒரு யோசனை வைச்சிருப்பவர், "அந்த லைட்டுக்கு மேல ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்க டீச்சர்" என்றார். அவருடைய வானில் அப்படித்தான் ஒட்டியிருக்கிறார். பிள்ளையாரின் வயிறு இரவில் மஞ்சளாக மினுங்குது.

ஸ்டிக்கர் ஒட்டி ஓட்டலாம், லைசன் எடுக்க ஏலாதே. வருசா வருசம் புகைச் சான்றிதழும் இன்சூரன்சும் கையில் இருந்தால்தான் பிரதேச செயலகத்தில் ரெவனியூ லைசன் தருவாங்கள். நீ கனடா போன காலத்தில் இது இல்லை. 2008இல் மேல் மாகாணத்தில் தொடங்கி, மறுகா எங்கட பக்கமும் வந்தது. லாஃப்ஸ், கிளீன்கோ என்று இரண்டு கம்பனி செய்யுது. பெற்றோல் கார் என்றால் சைலென்சர் குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டு, ஐடிலில் ஒரு முறையும் 2500 சுற்றில் ஒரு முறையும் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் அளப்பாங்கள். டீசல் என்றால் அக்சிலேட்டரை ஒரே மிதியாக மிதிக்கச் சொல்லி, புகையின் கறுப்பை அளப்பாங்கள்.

எங்கட கார் ஃபெயில். ஐடிலில் காபனோரொட்சைட்டு எக்கச்சக்கம். சுற்றைக் கூட்டினபோது ஒள்ளுப்பம் இறங்கினது, அவ்வளவுதான். எனக்குப் பின்னால் வந்த பழைய திறீவீல் ஒன்று பாஸ் பண்ணிக்கொண்டு போனது, புள்ள! அதன் டிரைவர் வாற வழியில் காபுரேட்டர் ஸ்குரூவைக் கிறுக்கிப் பெற்றோலைக் குறைச்சு, சான்றிதழ் கையில் கிடைச்சதும் அங்கேயே கேற்றுக்கு வெளியே நின்று பழையபடி கிறுக்கினான். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. அவனைச் சொல்லி என்ன? 2015இல் வொல்க்ஸ்வாகன் கம்பனி ஒரு கோடிப் பத்து இலட்சம் டீசல் வண்டிகளில் இதையேதான் சொஃப்ட்வெயாராகப் போட்டு வைச்சிருந்தது என்று பிடிபட்டதே. டெஸ்ட் நடக்குது என்று தெரிஞ்சால் வண்டி நல்ல பிள்ளையாகிவிடும், ரோட்டுக்கு வந்தால் வழமைபோல.

உங்கட ஒன்டாரியோவிலும் முந்தி டிரைவ் கிளீன் என்று ஒன்று இருந்ததே. 2013க்குப் பிறகு அதில் புகையைக்கூடப் பார்க்கிறதில்லை, காரின் கம்பியூட்டரைத்தான் கேட்பாங்கள், லைட் எரிஞ்சால் ஃபெயில் என்று நீதான் சொன்னாய். உன்ட மனுசன் பார்க்கிங்கிலேயே கம்பியூட்டரில் பதிஞ்சிருந்த குறைக் கோட்டை அழிச்சுப்போட்டு உள்ளே போக, "கம்பியூட்டர் இன்னும் தன்ட சோதனைகளை முடிக்கல்ல, ஓட்டிப்போட்டு வாங்க" என்று அவங்கள் திருப்பி விட்ட கதையை நான் இஞ்ச எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! 2019இல் கார்களுக்கு அதை நிறுத்தினபோது மனுசனுக்குத்தான் பெரிய நிம்மதியாக இருந்திருக்கும். அவரிடம் சொல்லாதே.

இஞ்ச குழாயைத்தான் பார்க்கிறாங்கள், லைட்டை இல்லை. ஆனால் எனக்கு லைட்டும் எரியுது, குழாயும் நாறுது. அதனால் கராச் கராச்சாகப் போனோம்.

முதல் போன இடத்தில் ஸ்கானரைக் குத்தினதும் இரண்டு கோட் வந்தது. பி0171, பி0420. முதலாவது, என்ஜினுக்குப் பெற்றோல் போதாது, காற்றுக் கூடிப்போச்சு என்கிறது. இரண்டாவது, புகையைச் சுத்தம் செய்கிற பெட்டி, அதுதான் கட்டலிட்டிக் கொன்வேட்டர், சரியாக வேலை செய்யவில்லை என்கிறது. அந்த ஆள் ஸ்கானரின் திரையை எனக்குக் காட்டினார், என்னவோ தீர்ப்பு வாசிச்சதுபோல. சென்சர் மாற்ற வேணும் என்றார். மாற்றினோம். கோட்டை அழிச்சார், லைட் அணைஞ்சது, சில ஓட்டத்துக்குள் திரும்பப் பத்தினது.

அடுத்தவர் பெற்றோல் பம்பைக் குறை சொன்னார். இன்னொருத்தர் பெட்டியையே கழட்டிப்போட்டு வெறும் குழாய் வைப்போம் என்றார், பெட்டியைத் தானே வாங்கிக்கொள்ளுவாராம், நல்ல காசு தருவாராம். அவர் கண்ணில் ஒரு ஆசை! ஏன் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெட்டிக்குள் தேன்கூடு மாதிரிக் கண்ணறை, அதில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசியிருக்கும். 2021இல் ரோடியத்தின் விலை தங்கத்தைப்போலப் பத்து மடங்கையும் தாண்டினது. உங்கட ரொறன்ரோவில் கள்ளன்கள் இரவோடிரவாகக் காருக்குக் கீழே புகுந்து அதை அறுத்துக்கொண்டு போறதாகச் செய்தியில் பார்த்தேனே. இஞ்ச கள்ளன் தேவையில்லை, நாங்களே கொண்டுபோய்க் கொடுப்போம்.

ஒரு பழைய கதையும் இருக்கு இதில். ஈயம் கலந்த பெற்றோல் பட்டால் அந்தப் பூச்சு செத்துவிடும். இலங்கையில் ஈயப் பெற்றோலை 2002இல் நிறுத்தினாங்கள், அதற்குப் பிறகுதான் இந்தப் பெட்டிக்கு இந்த நாட்டில் உயிரோடு இருக்க ஒரு வழி பிறந்தது. உலகத்தில் கடைசியாக நிறுத்தினது அல்ஜீரியா, 2021இல். வகுப்பில் இதைச் சொன்னேன். பின்வாங்கில் இருந்த ஒருவன், "டீச்சர், உங்கட கார் எமிஷன் ஃபெயிலாமே" என்றான். மட்டக்களப்பு, புள்ள, மட்டக்களப்பு!

மறுகாதான் அந்தப் பொடியன் வந்தான். படுவான்கரைப் பிள்ளை, கொக்கட்டிச்சோலைப் பக்கம். மொறட்டுவையில் ஜெர்மன் டெக்கில் படிச்சுப்போட்டு வந்து, தகரக் கொட்டில் ஒன்றில் சின்னதாகத் தொடங்கியிருக்கிறான். கதை குறைவு. ஸ்கானரைக் குத்தினான், கோட்டைப் பார்த்தான், பார்த்துப்போட்டு அதை விட்டுவிட்டான். "அக்கா, அந்தப் புகைப் பேப்பர் இருக்கா?" என்று கேட்டான். அதுவரைக்கும் ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை.

பேப்பரை வாங்கி ஸ்கானருக்குப் பக்கத்தில் வைச்சான். "இது பெற்றோல் போதாது என்குது. பேப்பரில காபனோரொட்சைட்டு ஏறியிருக்கு, அது பெற்றோல் கூடிப்போச்சு என்குது. இரண்டில ஒண்டு பொய் சொல்லுது" என்றான். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், கதிரையை இழுத்துப்போட்டு இருந்திட்டேன்.

அவன் சொன்னதை எனக்கு விளங்கின மாதிரிச் சொல்றேன். என்ஜினிலிருந்து புகை வருகிற வழியில் ஒரு சென்சர் இருக்கு, அது புகையில் மிஞ்சின ஒட்சிசனைப் பார்க்கும். ஒட்சிசன் கூட இருந்தால் பெற்றோல் போதவில்லை என்று கம்பியூட்டருக்குச் சொல்லும், கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டும். எவ்வளவு கூட்டுது என்று ஸ்கானரில் ஓடுகிற எண்ணில் பார்க்கலாம், ஃபியூவல் ட்ரிம் என்பான்கள். கூட்டினாலும் குறைச்சாலும் 10 வீதம் வரைக்கும் இருந்தால் பயமில்லை. எங்கடதில் ஐடிலில் 20ஐத் தாண்டி நின்றது, மிதிச்சால் இறங்கினது. இந்த மாதிரி எண்ணைப் பார்த்தால் எவனும் முதலில் நினைக்கிறது, என்ஜினுக்குள் காற்று போகிற பக்கம் எங்கேயோ ஓட்டை என்று. பொடியனும் அதைச் சோதிச்சான், அந்தப் பக்கத்து ரப்பர் குழாய்களுக்கெல்லாம் கிளீனர் அடிச்சுப் பார்த்தான், என்ஜின் சத்தம் மாறவேயில்லை. அதோடு, மெய்யாகவே அங்கே ஓட்டை இருந்தால் கூட்டின பெற்றோல் கூடின காற்றுக்குச் சரியாகப் போயிருக்கும், புகை டெஸ்டில் காபனோரொட்சைட்டு இந்தளவுக்கு ஏறியிருக்காது. ஆக என்ஜினுக்குக் காற்றுக் கூடவில்லை. கூடினதாகச் சென்சருக்குத் தெரியுது, அவ்வளவுதான்.

"காரை இஞ்ச விட்டுப்போட்டுப் போங்க, விடிய வாங்க" என்றான். எங்கட மனுசனுக்குச் சந்தேகம், இரவில் என்ன கழட்டப்போறானோ என்று. கேற்றடியில் நின்று கிறுகிக் கிறுகிப் பார்த்துக்கொண்டு வந்தார். நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன்.

விடியப் போனோம். எங்களை வைச்சுக்கொண்டுதான் ஸ்டார்ட் பண்ணினான். குளிர்ந்த என்ஜின், டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம். ஒரு ரப்பர் ஹோஸை எடுத்து ஒரு முனையைக் காதில் வைச்சான், மற்ற முனையை என்ஜினோரமாக நகர்த்தினான். நாம் சின்னப்பிள்ளையில் பூரணைக்குத் தோணியில் போய், துடுப்பைத் தண்ணிக்குள் விட்டுக் காதை வைச்சு மீன் பாடுறது கேட்டோமே, சாட்சாத் அதே நிலை. பிறகு ஹோஸை என்னிடம் தந்தான். புகைக் குழாய் என்ஜினோடு சேருகிற இடம், மனிஃபோல்ட் என்கிற இடம், அதில் கேஸ்கெட் வெடிச்சிருக்கு. கொஞ்ச நேரம் ஓடிச் சூடேறினதும் இரும்பு விரிஞ்சு வெடிப்பு நெருங்கிப்போகும், சத்தம் அமுங்கிவிடும், ஆனால் முழுக்க அடைபடாது. நாங்களோ கராச்சுக்கெல்லாம் ஓடிச் சூடான காரையே கொண்டுபோனோம். ஆருக்குக் கேட்கும்?

புகை வெளியே கசியுது என்றால் சரி, காற்று எப்படி உள்ளே போகும் என்று நான் விடவில்லை. புகை ஒரே ஓட்டமாக வராதாம், விட்டு விட்டுத்தான் வரும். இடையில் குழாய்க்குள் அழுத்தம் விழுகிற கணத்தில் வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சும், அது நேரே சென்சரில் படும். சென்சர் கண்டதைத்தான் சொன்னது, பாவம். கம்பியூட்டர் அதை நம்பிப் பெற்றோலை ஊற்றினது, அந்த எரியாத பெற்றோல் பெட்டியைத் திணறடிச்சது, அதனால்தான் இரண்டாவது கோட்.

ஏன் வெடிச்சது? மாரியில் வெள்ளத்துக்குள்ளால் ஓட்டினதுதான் என்கிறான். கொதிக்கிற இரும்பில் சடாரென்று தண்ணி பட்டால் கோணும். அதோடு கல்லடியில் ஒரு பக்கம் வாவி, மற்றப் பக்கம் கடல். எங்கட வீட்டு யன்னல் கம்பியே துருப்பிடிச்சு உதிருது, சைலென்சர் போல்ட் என்ன செய்யும்? இரண்டு போல்ட் கையோடு முறிஞ்சு வந்தது. மனிஃபோல்டைக் கழட்டி லேத்தில் முகம் சீவி, புதுக் கேஸ்கெட் போட்டான். மொத்தச் செலவும் முந்தி மாற்றின சென்சரின் விலையில் ஒரு துண்டுகூட வராது.

கோட்டை அழிக்கச் சொன்னேன், மாட்டேன் என்றான். "சரியாகியிருந்தால் தானே அணையும் அக்கா, அப்பதான் எனக்கும் நம்பிக்கை." குறை திரும்பத் தெரியாமல் மூன்று ஓட்டம் அடுத்தடுத்து ஓடினால் கம்பியூட்டரே லைட்டை அணைச்சுவிடுமாம். மண்முனைப் பாலத்தில் போகும்போது பார்த்தேன், லைட் இல்லை. பெட்டியிலும் ஒரு குறை இல்லை, ரோடியமெல்லாம் பத்திரம். எமிஷனுக்குப் போனோம், பாஸ். காபனோரொட்சைட்டு எண்ணைப் பார்த்து எங்கட மனுசன் பேப்பரை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார், ஆற்றையும் பேப்பரை மாறித் தந்திட்டாங்களோ என்று.

இதெல்லாம் கேட்டு உன்ட மனுசனும் உடனே ஸ்கானர் வாங்கக் கூடாது. லைட் நின்று எரிஞ்சால் ஆறுதலாகக் காட்டலாம், விட்டு விட்டு மின்னினால் ஓட்டாமல் நிற்பாட்ட வேணும், பெட்டி எரிஞ்சு போகும் என்று பொடியன் சொன்னான். அந்த ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லிவை.

இப்ப முக்கியமான புதினத்துக்கு வாறேன். எங்கட சின்ன மச்சாளுக்கு இரண்டு வருசமாக மாப்பிள்ளை பார்க்கிறாங்கள், தெரியும்தானே. வெளிநாட்டு மாப்பிள்ளைதான் வேணும் என்று நின்றவ. விடியக் கார் பார்க்கப் போன அண்டைக்கு அவவும் கூட வந்தவ, சும்மா, கடைக்குப் போகிற வழியில். பொடியன் ஹோஸை அவவின் கையிலும் கொடுத்தான், "கேட்குதா?" என்று. இப்ப அவவுடைய ஸ்கூட்டியில் ஒரு வித்தியாசமான சத்தம் வருதாம். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

மாமியின் காதுக்கு விசயம் போனதும் முதல் கேள்வி, "பொடியன் என்ன குடி?" நான் விசாரிச்சேன். நம்மட குடி இல்லை, கட்டலாம். அடுத்த கேள்வி, கொட்டிலுக்குக் கூரை போடுவானா. அதற்குச் சீதன வீட்டோடு ஒரு கராச்சும் கட்டிக் கொடுங்கோவன் என்றேன், மாமி இரண்டு நாளாக என்னோடு கதைக்கிறதில்லை. மச்சாள் ஒன்றும் சொல்லவில்லை, ஸ்கூட்டியை மட்டும் கழுவி வைச்சிருக்கிறா.

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு நீ வாறாயா இல்லையா என்று எழுது. வந்தால் விமான நிலையத்துக்கு இந்த விட்ஸில்தான் வருவோம். வரும்போது மச்சாளுக்கு ஒரு சேலை கொண்டு வா, கடும் பச்சை வேணாம். மாமிக்குத் தைலம், அவவோடு நான் சமாதானமாக வேணும்.

உன்ட பழைய வாங்குக்காரி