நிமிடத்துக்கு 70 விநாடி!

ராமேஸ்வரம் போகிறவர்கள் தீர்த்தமாடிப் பாவத்தைத் தொலைப்பார்கள். நான் அங்கே தொலைத்தது என் பி.காம். பட்டத்தை!

மீன்பிடி ஜெட்டியில் ஒரு விசைப்படகு டிரைவர், கடல் வரைபடத்தை விரித்து வைத்துத் தங்கை மகனுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பையன் விழித்தான். சும்மா இருப்பேனா நான்?

"கணக்குதானே அண்ணே, நான் சொல்லித் தரட்டுமா?"

"தாராளமா... ஒரு கடல் மைல் எவ்வளவு தம்பி?"

"1.6 கிலோ மீட்டர்!"

"அது ரோட்டு மைலு. இது 1,852 மீட்டர்."

விஷயம் இதுதான். அட்சரேகையில் ஒரு டிகிரியை அறுபதாக வெட்டினால் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிட தூரம்தான் ஒரு கடல் மைல். ஆக, வரைபடத்தின் பக்கவாட்டு ஓரமே ஸ்கேல்! கவராயத்தால் தூரத்தை எடுத்து அங்கே வைத்தால் மைல் கணக்கு வந்துவிடும். கீழ் ஓரத்தில் வைத்தால் தப்பு. தீர்க்கரேகை நிமிடம் ராமேஸ்வரம் பக்கம் சுமார் 1,830 மீட்டர்தான். துருவத்தை நோக்கிப் போகப் போகச் சுருங்கிப் பூஜ்யமாகிவிடும்.

'மணிக்கு 7 நாட் வேகம்' என்றேன். அதற்கும் குட்டு. நாட் என்றாலே மணிக்கு ஒரு கடல் மைல். மணி உள்ளேயே இருக்கிறது. 7 நாட் என்றால் கிட்டத்தட்ட 13 கி.மீ. வேகம்.

ஆழத்துக்கு ஃபேதம். ஆறடி. அண்ணன் இரண்டு கைகளையும் அகல விரித்து, "எங்க பாகம்தான் இது" என்றார். அதுமட்டும் உடனே புரிந்தது.

அடுத்து எல்லைக்கோடு. இலங்கையுடன் 1974-ல் போட்ட ஒப்பந்தத்தில் உள்ள ஒரு புள்ளி: 9 டிகிரி 21.80 நிமிடம் வடக்கு, 79 டிகிரி 30.70 நிமிடம் கிழக்கு. தசமம் என்றால் நமக்கு அல்வா ஆயிற்றே! கிழக்குக் கணக்கை 30 நிமிடம் 70 விநாடி என்று எடுத்து, பென்சிலால் அழுத்தமாக ஒரு குத்து.

"உங்க ஊர்ல நிமிஷத்துக்கு எத்தனை விநாடி தம்பி?"

அசடு வழிந்தேன். .70 என்றால் நிமிடத்தில் பத்தில் ஏழு பங்கு. அதாவது 42 விநாடி.

"இருபத்தெட்டு விநாடிதானே அண்ணே வித்தியாசம்?" (ஆபீஸுக்கு இதைவிட லேட்டாகப் போகிற ஜாதி நாம்.)

அவர் பேசாமல் கவராயத்தை வைத்து அளந்தார். அரை மைலுக்குக் கொஞ்சம் குறைவு. சுமார் 850 மீட்டர், கிழக்கே!

"இந்த இடைவெளியில வலை விட்டா என்ன ஆகும்? நம்ம கடல்னுதான் நினைச்சிருப்போம். இலங்கை நேவி வந்து நிப்பான். போட்டும் போச்சு, ஆளும் ஜெயிலுக்கு. தசமத்தைச் சொல்லியா ஜாமீன் எடுக்க முடியும்?"

மீனைத் தேடித் தெரிந்தே தாண்டுகிறவர்களும் உண்டு. அது வேறு கதை. தெரியாமல் தாண்ட என் பென்சில் போதும்.

"முதல்ல ஜி.பி.எஸ். பெட்டியோட மெனுவைப் பாருடா. தசம நிமிஷமா, நிமிஷம் விநாடியான்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் புள்ளி வை" என்றார் பையனிடம்.

பையன் ரப்பரை எடுத்தான். என் புள்ளி லேசில் அழிகிற மாதிரி இல்லை.