மேசைமேல் ஒரு போர்க்களம்

மத்திய ஐரோப்பாவின் சைலீசியப் பகுதியில், லொய்தன் என்னும் சிற்றூரருகே 1757 டிசம்பர் 5 அன்று ஒரு பெரும்போர் நிகழ்ந்தது. சைலீசியா பிரஷ்யாவுக்கா, ஆஸ்திரியாவுக்கா என்பதே வழக்கு. இரண்டரை நூற்றாண்டு கடந்தபின், இங்கிலாந்தில் ஒரு வீட்டின் உணவு மேசைமீது அப்போர் மீண்டும் நிகழ்ந்தது. ஒருபுறம் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். மறுபுறம் பதினாறு அகவை நிரம்பிய அவருடைய பேத்தி.

மேசைமேல் விரித்த பச்சைத் துணியே நிலம். துணிக்கடியில் வைத்த புத்தகங்கள் குன்றுகள். அட்டை வீடுகளும் மதில் சூழ்ந்த தேவாலயமுமே லொய்தன். விரற்கடை உயரமே உள்ள உலோகப் பொம்மைகள் வீரர்கள். நீல உடையினர் பிரஷ்யர். வெள்ளை உடையினர் ஆஸ்திரியர். ஒரு பொம்மை நூறு வீரரைக் குறிக்கும். பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக்கிடம் ஏறத்தாழ 33,000 பேர் இருந்தனர். ஆஸ்திரியப் படைத்தலைவரான லொரைன் இளவரசர் சார்லஸிடம் ஏறத்தாழ 65,000 பேர். எனவே 330 நீலப் பொம்மைகளுக்கு எதிரே 650 வெள்ளைப் பொம்மைகள் அணிவகுத்தன. படை நகரும் தொலைவை அளவுநாடா வரையறுக்கும். வீழ்ந்தோர் தொகையைப் பகடை முடிவு செய்யும்.

இவ்விளையாட்டின் வேர் இந்தியாவில் தோன்றிய சதுரங்கத்தில் உள்ளது. நால்வகைப் படையின் ஆட்டமாகிய அது ஐரோப்பா சென்றது. 1780-இல் ஜெர்மானியக் கணித அறிஞர் ஹெல்விக் அதனை விரித்து, நில அமைப்பும் பீரங்கியும் கொண்ட போர்விளையாட்டாக்கினார். 1824-இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் அதனைப் படைப்பயிற்சிக்கு உரியதாக்கினார். அதில் நடுவர் ஒருவர் உண்டு. ஒவ்வொரு தரப்பினரும் போர்க்களத்தில் எதைக் காண இயலுமோ அதனை மட்டுமே அவர் அவர்களுக்கு அறிவிப்பார்.

முதல் ஆட்டத்தில் நடுவர் இல்லை. பேத்தி ஆஸ்திரியப் படையை ஏற்றாள். “இரு மடங்கு படையிருந்தும் தோற்றவர் அறிவிலியாகத்தான் இருக்க வேண்டும்” என்றாள். பிரெடெரிக் போர்னே என்னும் ஊரருகே தோன்றி ஆஸ்திரியரின் வலப்பக்கத்தைத் தாக்குவதுபோல் காட்டினார்; பின்னர்த் தாழ்ந்த குன்றுகளின் மறைவில் தெற்கே சென்று இடப்பக்கத்தைத் தாக்கினார். இதனை அவள் முன்பே படித்திருந்தாள். ஆகவே, படையை இடப்பக்கத்தில் குவித்தாள். ஒரு மணி நேரத்தில் வென்றாள்.

முதியவர் புன்னகைத்தார். “விடைத்தாளைப் பார்த்துக்கொண்டு தேர்வெழுதினாய், அம்மா. அடுத்த ஞாயிறு மீண்டும் ஆடுவோம். இம்முறை நான் வலப்பக்கத்தைத் தாக்குவேனா, இடப்பக்கத்தைத் தாக்குவேனா என்பது உனக்குத் தெரியாது” என்றார்.

அடுத்த ஞாயிறு பாட்டி நடுவரானார். முதியவர் தம் நகர்வுகளை வரைபடத்தில் குறித்து அவரிடம் அளித்தார். ஆஸ்திரியர் கண்ணுக்குப் புலப்படும் பொம்மைகள் மட்டுமே மேசைக்கு வந்தன. போர்னே அருகே நீலக் குதிரைப்படை தோன்றியது. வலப்பக்கத்திலிருந்து ஒரு சீட்டு: ‘எதிரி இங்கே, உதவி தேவை.’ சற்று நேரத்தில் இடப்பக்கத்திலிருந்து மற்றொரு சீட்டு: ‘எதிரி இங்கும் தென்படுகிறான்.’ எதனை நம்புவது? ஆஸ்திரிய அணியின் நீளம் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர். குதிரைவீரன் செய்தி கொண்டுவருவதற்குள் அது பழங்கதையாகிவிடும். பேத்தி நெடுநேரம் எண்ணினாள். பின்பு சேமப்படையை வலப்பக்கம் அனுப்பினாள்.

அன்று ஆஸ்திரியத் தலைமை செய்ததும் அதுவே. வலப்பக்கத் தளபதி லுக்கேசி உதவி கேட்டார். சேமக் குதிரைப்படை அங்கே சென்றது. இடப்பக்கத் தளபதி நாடாஸ்டியின் எச்சரிக்கைகள் கேட்பாரற்றுப் போயின.

சில நகர்வுகளுக்குப் பின் நீல வரிசைகள் இடப்பக்கக் கோடியில் வெளிப்பட்டன. அவள் தன் அணியைத் தெற்கு நோக்கித் திருப்ப முயன்றாள். வெள்ளைப் பொம்மைகள் லொய்தன் ஊருக்குள் நெருக்கியடித்து நின்றன. தேவாலய மதிலைக் காத்து நின்றவை ஒவ்வொன்றாக வீழ்ந்தன. மாலைக்குள் ஆட்டம் முடிந்தது.

“இளவரசர் அறிவிலி அல்லர், தாத்தா. நான் பெற்ற சீட்டுகளைத்தான் அவரும் பெற்றிருக்கிறார்” என்றாள் பேத்தி.

வீழ்ந்த பொம்மைகள் பெட்டி மூடியில் கிடந்தன. அவற்றை எண்ணினாள், 241. நூறால் பெருக்கிப் பார்த்ததும் அவள் குரல் தாழ்ந்தது. “இருபத்து நாலாயிரம் பேரா?” உண்மைப் போரில் ஆஸ்திரியத் தரப்பில் 20,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர், காயமுற்றனர் அல்லது சிறைப்பட்டனர், வென்ற பிரஷ்யரும் 6,000-க்கும் மேற்பட்டோரை இழந்தனர். அத்தனையும் குறுகிய குளிர்காலப் பகலில் சில மணி நேரத்தில் நிகழ்ந்தவை.

ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் பொம்மைப் போர்களுக்கு விதிகள் வகுத்து, ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலை 1913-இல் வெளியிட்டார். உண்மைப் போரைவிட இச்சிறு போர் எவ்வளவோ மேலானது என்பது அவர் கருத்து. அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது.

பேத்தி ஒவ்வொரு பொம்மையாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினாள். அடுத்த ஞாயிறு அவை மீண்டும் எழுந்து நிற்கும். லொய்தன் இன்று லூத்தினியா என்னும் பெயரில் போலந்து நாட்டில் உள்ளது. அங்கே வீழ்ந்தவர்களுக்கு அடுத்த ஞாயிறு வரவேயில்லை.