நொடியும் வெளிச்சவீடும்

கணினி விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டவுடனேயே முகஞ்சுளிக்கும் பெற்றோர் எம்மிடையே பலர். சனிக்கிழமைகளில் எமது தமிழ்ப் பாடசாலை வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் வேளைகளில் இக்குறையை எத்தனையோ முறை கேட்டிருக்கின்றேன். துப்பாக்கியும் ஓட்டமுமாய் முடிவின்றி நீளும் விளையாட்டுகளைப் பொறுத்தவரை அது நியாயமான குறையே. எனினும் அவ்வுலகின் ஒரு மூலையில், ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடுகின்ற, ஓவியம்போல் அழகுற ஆக்கப்பட்ட புதிர் விளையாட்டுகளும் உள்ளன. அவற்றைப் பற்றிச் சில வார்த்தைகள் இம்மலரில் எழுத விழைகின்றேன்.

இவை மெய்நிகர் கருவியில் விளையாடப்படுபவை. கண்களை முழுவதும் மூடி முகத்தில் அணியும் ஒரு சிறு பெட்டியே அக்கருவி. வலக்கண்ணுக்கு ஒரு படமும் இடக்கண்ணுக்குச் சற்றே வேறுபட்ட மற்றொரு படமும் அதில் காட்டப்படுவதால், மூளை இரண்டையும் இணைத்து ஆழமுள்ள ஓர் இடமாகக் காண்கின்றது. இத்தத்துவத்தை இங்கிலாந்தின் சார்ள்ஸ் வீற்ஸ்ரன் 1838இலேயே விளக்கிவிட்டார். தலையைத் திருப்பக் காட்சியும் உடன் திரும்பும் கருவியை 1968இல் அமெரிக்கரான ஐவன் சதர்லாந்து அமைத்துக் காட்டினார். ஓடுகின்றோம் என்று கண் கூற, நிற்கின்றோம் என்று உட்காது கூறும்போது பலருக்குத் தலை சுற்றும். புதிர் விளையாட்டுகளில் பெரும்பாலும் ஒரே இடத்தில் நின்று கைகளாற் காரியம் செய்வதால் அத்தொல்லை குறைவு. பெட்டியின் பாரத்தை முகம் நெடுநேரம் தாங்காது. மின்கலமும் இரண்டு மூன்று மணி நேரத்திற் களைத்துவிடும். ஆகவே குறுமை இவ்வகை விளையாட்டுக்கு இயல்பாகவே பொருந்துகின்றது.

எனக்கு மிகப் பிடித்தது, பாரிஸ் நகரத்துக் குழுவான இன்னர்ஸ்பேஸ் விஆர் ஆக்கி 2019 ஜனவரியில் வெளிவந்த 'ஏ ஃபிஷர்மேன்ஸ் டேல்', அதாவது ஒரு மீனவனின் கதை. பொப் என்ற மரப்பாவை மீனவன் வெளிச்சவீடொன்றிலே தனியே வாழ்கின்றான். புயல் வருகின்றதென வானொலி கூறுகின்றது. உச்சிக்கு ஏறி விளக்கை ஏற்ற வேண்டும். அவனது அறையிலே அதே வெளிச்சவீட்டின் சிறிய மாதிரியொன்று இருக்கின்றது. அதன் கூரையைக் கழற்றினால், உள்ளே ஒரு சிறிய பொப் அதனினும் சிறிய கூரையைக் கழற்றிக்கொண்டு நிற்கின்றான்! நாம் கையசைத்தால் அவனும் அசைப்பான். கையிலுள்ள பொருளை மாதிரிக்குள் போட்டால், அதுவே பேருருக்கொண்டு எமது அறைக்குள் வந்து விழும். சிறிய பொருள் வேண்டுமானால் மாதிரிக்குள்ளிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இவ்வொரு கற்பனையைச் சில விதமாகத் திருப்பிக் காட்டிவிட்டுக் கதை முடிந்துவிடுகின்றது.

யாழ்ப்பாணத்தில் விடுகதையை நொடி என்போம். தொல்காப்பியர் அதனைப் பிசி என்று குறித்துச் செய்யுளியலில் இடமும் அளித்தார். கணப்பொழுதுக்கும் நொடி என்றே பெயர் அமைந்தது தற்செயலாயினும் மிகப் பொருத்தம். நொடி நீண்டால் நொடியாகாது. அவிழ்ந்தபின் கேட்டவர் மனத்தில் நின்றால் போதும். இவ்விளையாட்டை ஆக்கியோர் அதனை நன்கறிந்து நிறுத்தியிருக்கின்றனர். எமது மேடை நாடகங்களுக்கும் இவ்விலக்கணம் பொருந்தும் என்றால் விழாக் குழுவினர் கோபிக்கலாகாது.

எனக்குப் பிடியாததும் ஒன்றுண்டு. பெட்டியை அணிந்தவர் அறையில் நின்றும் அறையில் இல்லாதவராகிவிடுகின்றார். அவர் காண்பதைத் தொலைக்காட்சித் திரையிற் காட்ட வழியுண்டெனினும், சென்ற பனிக்காலத்தில் ரொறன்ரோவில் எமது வீட்டில் என் மகன் இதனை விளையாடிய மாலையில் நாம் அதனைப் பொருத்தவில்லை. அவனுக்கு வயது 13. அருகே கதிரையில் இருந்தவர் என் தாயார். பருத்தித்துறையிற் பிறந்து வளர்ந்தவர். அவனுக்குத் தமிழ் விளங்கும், பேச நா எழாது. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. இருவருக்குமிடையிலான பேச்சு 'சாப்பிட்டியோ', 'ஓம்' என்ற இரு சொற்களாய் ஒடுங்கிப் பல மாதங்களாகிவிட்டன. ஒரே வீட்டில் இதனைக் கேட்டுக்கொண்டிருப்பது எத்தகைய துயரம் என்பதைப் பெற்றோர் பலர் அறிவர்.

"என்ன தெரியுது, அப்பு?" என்று அம்மா கேட்டார்.

"கடலுக்குப் பக்கத்தில உயரமா ஒரு வீடு. மேல லைட்."

"அது வெளிச்சவீடு. எங்கட ஊரிலயும் நிக்குது."

சிறிது நேரத்தில் அவன் திகைத்து நின்றான். சின்ன வீட்டுக்குள் ஓர் ஆள் நிற்பதையும், தான் செய்வதையெல்லாம் அவனும் செய்வதையும் தட்டுத்தடுமாறிக் கூறினான். அம்மா யோசித்தார்.

"அப்ப உன்ர வீட்டுக் கூரை இருக்கோ எண்டு பார்."

அவன் அண்ணாந்து பார்த்தான். வீடே அதிரக் கத்தினான். மேலே மலைபோல் ஒரு பொப்!

"அம்மம்மா, அவன் என்னைப் பாக்கேல்ல. அவனும் மேலதான் பாக்கிறான்."

"நீ மேல பாக்க அவன் எப்பிடியடா கீழ பாப்பான்?"

இளமையில் நூற்றுக்கணக்கான நொடிகளை அவிழ்த்த மூளை அது. இடையிடையே இளைப்பாறி அவன் விளக்கேற்றி முடிக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரமாயிற்று. அவ்வளவு நேரமும் இருவரும் பேசினர். நங்கூரம், மரப்பாவை, புயல் என ஒவ்வொரு சொல்லாக அவன் கேட்டு வாங்கினான். நான் சமையலறையிலிருந்து வெளியே வரவேயில்லை. வந்தால் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டிருப்பான்.

அதன்பின் அவன் தமிழை அருவியாய்க் கொட்டுகின்றான் என்று எழுதினால் அது பொய்யாகும். ஆயினும் மறு சனிக்கிழமை அம்மாவே, "இண்டைக்கு அந்தப் பெட்டி இல்லையோ?" என்று கேட்டார். மீனவனின் கதை முடிந்துவிட்டதால் 2021இல் வெளிவந்த 'பஸ்லிங் பிளேசஸ்' என்பதை எடுத்தோம். மெய்யான கட்டடங்களையும் இடங்களையும் பல கோணங்களிற் படம்பிடித்து, முப்பரிமாண உருவாக்கி, துண்டு துண்டாய் வெட்டித் தந்திருக்கின்றார்கள். கையால் எடுத்துப் பொருத்த வேண்டும். 25 துண்டுகளில் தொடங்கி 400க்கும் போகலாம். அம்மா ஒருமுறை பெட்டியை அணிந்து பார்த்து, பாரமென்று உடனே கழற்றிவிட்டார். கதிரையிலிருந்தபடியே, "முதல்ல வாசலைக் கட்டி முடி" என்று மேற்பார்வை செய்வதே அவருக்கு உவப்பு.

இப்போது 100 துண்டுகளில் நிற்கின்றனர். வளைந்த கற்சுவர்த் துண்டொன்று மூன்று வாரமாக எங்கும் பொருந்தவில்லை. கோபுரத்தின் பகுதி என்கின்றான் மகன். அவன் சொல்லக் கேட்ட அளவில் அது கிணற்றுக்கட்டேதான் என்கின்றார் அம்மா.