நாலு தந்திக்கு ஒரு குழு

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கல்யாண மேடைகளில் பத்தாண்டு பேஸ் கித்தார் வாசித்தவன் நான். குழு கலைந்துவிட்டது, வேறு குழு தேடுகிறேன்.

என் வாத்தியத்தின் தலைவிதி விசித்திரமானது. அதன் அடித்தந்திக்கு விநாடிக்கு 41 அதிர்வுதான். ஒலிக்கும்வரை ஒருவரும் கவனியார். நின்றால்தான் பாட்டுத் தள்ளாடும்.

2018-இல் வந்த ‘காலா’ படத்தில் பாடிய தாராவிப் பிள்ளைகளின் ‘டோப்அடெலிக்ஸ்’ குழுவை நண்பர்கள் அறிவர். அவர்களைப்போல் தமிழில் ராப் பாடும் வேறொரு தம்பியிடம் போனேன். “அண்ணே, பேஸைக் கம்ப்யூட்டரே போட்டுடுதே!” என்றான். போட்டும் காட்டினான். சுருதி சுத்தம், தாளம் சுத்தம். குறை சொல்ல வழியில்லை.

ஆனால் அவன் மூச்சு வாங்கிய இடத்தில் இயந்திரம் நிற்காமல் ஓடியது. நானாயிருந்தால் அரைக்கணம் காத்திருப்பேன் என்றேன். தம்பி யோசித்தான். ஞாயிறன்று வாத்தியத்தோடு வரச் சொல்லியிருக்கிறான். சம்பளப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.